பன்னிரண்டு நாற்பது கணக்கு

எங்கள் சைக்கிள் குழுவில் யாரும் யாரிடமும் "போதும், நிறுத்து" என்று சொல்வதில்லை. அதற்கு ஒரு வேன் இருக்கிறது. மலைச்சாலையில் யார் கடைசியாக வருகிறார்களோ அவர்களுக்குப் பக்கத்தில், அவர்கள் மிதிக்கிற வேகத்துக்கே ஊர்ந்து வரும். பக்கவாட்டுக் கதவு முழுதாகத் தள்ளித் திறந்திருக்கும். உள்ளே ஒரு காலி இருக்கை, மடித்த கம்பளி, ஃபிளாஸ்கில் டீ. ஓட்டுகிறவர் பேசக் கூடாது. கதவு பேசிக்கொள்ளும்.

வேனை ஓட்டுவது என் அண்ணன். பேசாமல் இருக்க அவனுக்கு வராது.

இந்தப் பயணம் வருடத்துக்கு ஒரு நாள். நூற்று அறுபது கிலோமீட்டர், மூன்று கணவாய்கள், ஒன்பது பேர். காலை ஐந்து மணிக்கு சைக்கிள் கடையின் பின்னறையில் கிளம்பி, ஒரு சுற்றுச் சுற்றி, மாலையில் அதே அறையில் முடிக்க வேண்டும். கிளம்பும்போது ஆளுக்கு ஓர் அட்டை. அதில் ஒரே ஒரு கட்டம். மூன்றில் இரண்டாவது கணவாய்தான் உயரமானது. அதன் உச்சியில் சாலைப் பணியாளர் கொட்டகையில் இருக்கும் முத்திரையை அந்தக் கட்டத்தில் வாங்க வேண்டும். இடையில் வேனில் உட்கார்ந்துவிட்டால் அட்டையின் வலது மேல் மூலையைக் குழுத்தலைவர் கிழித்துவிடுவார். முத்திரை விழுந்த அட்டை, மூலை போன அட்டை எல்லாமே பின்னறைச் சுவரில் ஆணியில் தொங்கும். மூன்று மூலை போனவரை நான்காம் வருடம் யாரும் கூப்பிடுவதில்லை. யார் போட்ட சட்டம் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அப்படிப் போன இரண்டு பேரை எனக்குத் தெரியும். கடைத்தெருவில் பார்த்தால் எங்களைக் கவனிக்காத மாதிரி நடந்து போவார்கள்.

என் அட்டைகள் இரண்டு அங்கே தொங்குகின்றன. இரண்டுக்கும் மூலை இல்லை.

"பூச்சி, வேன்ல ஜன்னலோர சீட்டா பாத்து எனக்கும் ஒண்ணு போட்டு வை," என்றார் ஒட்டகம், அன்று காலை பின்னறையில். ஒட்டகம் வங்கியில் வேலை பார்க்கிறவர். நாற்பது கிலோமீட்டருக்குத் தண்ணீர் குடிக்கமாட்டார், அதனால் அந்தப் பெயர். எனக்கு அவர் வைத்த பெயர் வாயில்லாப் பூச்சி. நாளடைவில் வாயில்லா என்பது உதிர்ந்து பூச்சி மட்டும் நின்றது.

நான் சிரித்தேன். பதில் பிறகுதான் வரும் எனக்கு, வழக்கமாக வீடு போய்ச் சேர்ந்த பிறகு.

"சும்மா இருங்க. அவ கால் உங்க வாயவிட ஸ்ட்ராங்," என்றார் நர்ஸ் அக்கா, என் தண்ணீர் பாட்டிலை நிரப்பியபடி.

அறை முழுக்க ரப்பர் வாசனையும் ஈரத்துணி வாசனையும். இரவு முழுவதும் மழை கொட்டியிருந்தது. இப்போது வானம் வெளுக்கத் தொடங்கியிருந்தது. குழுத்தலைவர் தன் சைக்கிளின் ஹேண்டில்பாரில் தீப்பெட்டி அளவு இருந்த கருவியைப் பொருத்திக்கொண்டிருந்தார். அவர் பல் டாக்டர். எல்லோருக்கும் டாக்டர்தான். கடை வாசலின் உயரம் அறுநூற்றுப் பத்து மீட்டர். கருவியில் அதைப் பதிந்துவிட்டு, "ரெடி," என்றார். அதற்கப்புறம் நாள் முழுவதும் அந்தக் கருவி சொல்வதுதான் உயரம்.

அந்த உயரத்தை வைத்துத்தான் பன்னிரண்டு நாற்பது கணக்கு.

ஒன்றரை மணிக்கு இரண்டாவது கணவாயின் உச்சியில் தடுப்புக் கம்பத்தை இறக்கிவிடுவார்கள். அந்தப்பக்கச் சரிவில் தளர்ந்த பாறைகளைத் தள்ளும் வேலை நடக்கும். ஐந்து மணிவரை ஒரு வண்டியும் போக முடியாது. அதனால் சரியாகப் பன்னிரண்டு நாற்பதுக்கு, கடைசி ஆள் எங்கே இருந்தாலும், டாக்டர் அவரை நிறுத்துவார். உச்சிக்கு இன்னும் எத்தனை மீட்டர் உயரம், இந்த ஆள் நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் ஏறுகிறார், வகுத்தால் எத்தனை நிமிடம். ஒன்றரைக்கு மேல் போனால் அவர் வேனில் ஏற வேண்டும், மூலை கிழியும். அவர் பல் பிடுங்குவதும் அப்படித்தான் என்பார்கள். வலிக்கும் முன்னே கையில் இருக்கும்.

முதல் வருடம் எனக்கு இருபது நிமிடம் போதவில்லை. அது நியாயம். போன வருடம் ஆறு நிமிடம் போதவில்லை. வேனில் உட்கார்ந்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, மேலே போய் இறங்கினேன். உச்சியில் உயரப் பலகை இருக்கிறது: 2210. அதன் காலில் டாக்டர் தன் சைக்கிளைச் சாய்த்திருந்தார். கருவியில் 2160 என்று இருந்தது.

ஐம்பது மீட்டர் வித்தியாசம். நிமிடத்துக்கு எட்டு மீட்டர் என்று வைத்தால் ஆறு நிமிடம்.

பார்த்துக்கொண்டே நின்றேன். டாக்டர் வந்தார், சைக்கிளை எடுத்தார், போனார். அவர் அந்தப் பலகையை ஏறிட்டும் பார்க்கவில்லை. உயரம்தான் அவரிடம் பெட்டிக்குள் இருக்கிறதே. நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு வருடம் முழுக்க அதை நினைத்துக்கொண்டே இருந்தேன்.

நான் நகராட்சித் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். நீளமான அறை, ஓயாமல் உறுமும் ஃபிரிட்ஜ், சீட்டு ஒட்டிய பாட்டில்கள். காலை எட்டரைக்கு முதல் வேலை, அமிலத்தன்மை காட்டும் கருவியின் முனையை அளவு தெரிந்த கரைசலில் முக்கிப் பார்ப்பது. மஞ்சள் பாட்டிலில் ஏழு காட்ட வேண்டும், சிவப்பு பாட்டிலில் நான்கு. காட்டாவிட்டால் திருத்த வேண்டும். தெரிந்த ஒன்றில் சோதிக்காமல் தெரியாத ஒன்றை அளந்தால் அந்தக் காகிதத்தில் என் மேலதிகாரி கையெழுத்துப் போடமாட்டார். மதியத்துக்குமேல் இன்னொரு முறை முக்கிப் பார்ப்போம். கருவி காலையில் சரியாக இருந்தது என்பது மதியத்துக்குச் சாட்சி ஆகாது.

டாக்டரின் கருவி உயரத்தை அளப்பதே இல்லை. அது காற்றின் அழுத்தத்தை அளக்கிறது. மேலே போகப் போக அழுத்தம் குறையும், அதை உயரமாக மாற்றிச் சொல்கிறது. மழை விலகி வானம் தெளிந்தால், நின்ற இடத்திலேயே அழுத்தம் கூடும். அது கருவிக்குத் தெரியாது. ஆள் கீழே இறங்கிவிட்டதாக நினைத்துக்கொள்ளும்.

அன்று வானம் தெளிந்துகொண்டே வந்தது.

முதல் கணவாயை எட்டரைக்குள் தாண்டினோம். ஒன்பது பேரும் ஒரே கயிற்றில் கோத்த மாதிரி ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஒளிந்துகொண்டு போனோம். காற்றைக் கிழிக்கும் முன் ஆளின் இடத்தை ஐந்து நிமிடத்துக்கொரு முறை மாற்றிக்கொள்வார்கள். என்னை மட்டும் முன்னால் விடமாட்டார்கள். "நீ பின்னாலயே இரும்மா, தெம்ப மிச்சம் பிடி," என்பார் டாக்டர். இரண்டு வருடமாக மிச்சம் பிடித்திருக்கிறேன். எதற்காக என்றுதான் தெரியவில்லை.

இரண்டாவது ஏற்றம் ஒரு பாலத்தில் தொடங்குகிறது. அங்கே எல்லோரும் தண்ணீர் பிடித்தார்கள். பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாலைத்துறைக்காரர்கள் பதித்த கல்: 940. நான் டாக்டரின் சைக்கிளைக் கடந்து போகிற சாக்கில் பார்த்தேன். 902.

முப்பத்தெட்டு என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

பத்து நாற்பத்தேழுக்கு மிதிக்கத் தொடங்கினேன். அரைமணி நேரத்தில் மற்ற ஏழு பேரும் மேலே வளைவுகளில் வண்ணப் புள்ளிகளாகிவிட்டார்கள். வழக்கப்படி டாக்டர் என்னோடு பின்தங்கினார். கடைசி ஆளோடு வருவது தலைவரின் வேலை. நல்ல மனிதர்தான். என் வேகத்துக்கு மிதிக்க அவருக்குச் சிரமம். சில சமயம் விழுந்துவிடுவார் போலிருக்கும்.

வேன் வந்து சேர்ந்தது. கதவு சறுக்கித் திறக்கும் சத்தம்.

"டீ ஆறிட்டிருக்கு," என்றான் அண்ணன்.

நான் சாலையைப் பார்த்தேன்.

"சும்மா தகவல் சொன்னேன்."

பன்னிரண்டு ஒன்பதுக்குப் பனிச்சரிவுக் கூரையைத் தாண்டினோம். சாலைக்குமேல் கட்டிய கான்கிரீட் கூரை, அதன் தூணில் பெயிண்டில் எழுதியிருக்கிறது: 1600. என் முன் சக்கரம் டாக்டரின் முழங்காலுக்கு நேராக இருந்தது. கழுத்தை நீட்டினேன். 1541.

ஐம்பத்தொன்பது. இடைவெளி வளர்ந்துகொண்டே வருகிறது.

அதைச் சொல்ல அப்போதே நல்ல நேரம். வாயைத் திறந்தேன். மூச்சுதான் வந்தது.

பன்னிரண்டு நாற்பதுக்கு டாக்டர் கையைத் தூக்கினார். ஒரு காலை ஊன்றி நின்றேன். வலப்பக்கம் பாறைச்சுவர், இடப்பக்கம் ஒன்றுமில்லை. பள்ளத்தாக்கில் இரவு மழையின் கடைசி மேகம் ஒரு பழந்துணி போலக் கிடந்தது.

"ஆயிரத்தெழுநூத்தித் தொண்ணூறு," என்று கருவியைப் படித்தார். "இன்னும் நானூத்தி இருபது இருக்கு. நீ நிமிஷத்துக்கு எட்டு ஏறுற. சீராத்தான் ஏறுற, பாராட்டணும். ஆனா அம்பத்திரண்டரை நிமிஷம் ஆகுதே. இப்பவே நாப்பத்திரண்டு ஆச்சு. ஒன்னு முப்பத்தஞ்சு வந்துரும்." உண்மையான வருத்தத்தோடு உதட்டைச் சுழித்தார். "அஞ்சு நிமிஷம்மா. போன தடவையவிட ஒரு நிமிஷம் முன்னேறியிருக்க. அட்டையக் குடு."

கை பழக்கத்தில் அட்டையை நீட்டியது. அவர் மூலையைக் கிழித்தார். சின்னச் சத்தம். கிழிந்த துண்டைக் கசக்கிப் போடப் போனார்.

"அதக் குடுங்க," என்றேன்.

"எத?"

"அந்த மூலைய."

விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே கொடுத்தார். அதைச் சட்டைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தேன். பிறகு சொன்னேன். அந்தக் குழுவில் நான் அதுவரை பேசியதிலேயே நீளமான பேச்சு அது.

"உங்க மெஷின் குறைச்சுக் காட்டுது டாக்டர். பாலத்துல முப்பத்தெட்டு குறைவு. கூரைக்குக் கீழ அம்பத்தொம்பது. இப்ப எழுபது இருக்கும். நாம நிக்கிறது ஆயிரத்து எண்ணூத்தி அறுபது. மிச்சம் முன்னூத்தி அம்பதுதான். நாப்பத்திநாலு நிமிஷம். ஒன்னு இருபத்தாறுக்கு நான் மேல இருப்பேன்."

வேனுக்குள் அண்ணன் எஞ்சினை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தான். ஊமை பாடிக் கேட்டவன் முகம்.

டாக்டர் கருவியைத் துடைத்துப் பார்த்தார். "காலைல நானே செட் பண்ணினேன்மா."

"காலைல சரியா இருந்துச்சு."

"நாலு வருஷமா இதுதான் சொல்லுது. ஒரு தடவ தப்புனதில்ல."

"எப்படித் தெரியும்?"

நான் மரியாதைக்குறைவாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டேன். அவர் காது சிவந்தது.

"சரி, நீ சொல்றபடியே வச்சுக்குவோம். ஒருவேள வரலன்னா? கம்பம் இறங்கிரும். உன்கூட வேனும் மாட்டும். மேல ஏழு பேரும் நனைஞ்ச துணியோட நிக்கிறாங்க. காத்துக்குப் போடற சட்டை எல்லாம் வேன்லதான் இருக்கு."

அது நியாயமான கேள்வி.

"அட்டை கிழிஞ்சாச்சு. முடிவு முடிவுதான்," என்று என் அட்டையைத் தன் முதுகுப்பைக்குள் செருகிக்கொண்டார். "தம்பி, கூட்டிட்டு வந்துருங்க," என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். அவருடைய நிஜ வேகத்தில் போனார். இரண்டு வளைவில் மறைந்துவிட்டார்.

நான் காலைத் தூக்கிப் பெடலில் வைத்தேன். ஏற்றத்தில் நின்று கிளம்புவது சுலபமில்லை. சைக்கிள் பக்கவாட்டில் இரண்டு முறை ஆடி, பிறகு நேரானது.

அண்ணன் பத்து மீட்டர் என் பக்கத்தில் ஊர்ந்தான். கதவு திறந்தே இருந்தது.

"வேன் இங்க இருக்கு," என்றான்.

"தெரியுது."

"நீ எங்க போற?"

"மேல."

"உன் பிடிவாதத்துக்கு ஒரு மலை பத்தாது. நாலஞ்சு அடுக்கி வைக்கணும்." கியரை மாற்றினான். பிறகு, "அந்த எழுபது மீட்டர், நிஜமாவா, இல்ல கோபத்துல சொன்னியா?"

"கோபத்துல எனக்கு எப்ப கணக்கு வந்திருக்கு?"

அவனுடைய போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டான். அம்மா. வருடாவருடம் இந்த நேரத்துக்குக் கூப்பிடுவாள்.

"வேன்ல உக்காந்துட்டாளா?"

"இன்னும் இல்லம்மா."

"மணி என்ன ஆச்சு! போன வருஷம் இந்நேரம் டீ குடிச்சிட்டிருந்தாளே. நீ கதவத் தொறந்து வச்சிருக்கியா?"

"ஆவ்னு தொறந்து வச்சிருக்கேன்."

"அவ கூச்சப்படுவாடா. நீயா கூப்பிடு."

நான் மூச்சை இழுத்து, "அம்மா, நான் உக்காரல," என்று கத்தினேன். என் குரல் பாறையில் பட்டுத் திரும்பி வந்தது. எனக்கே அது யாரோ போலிருந்தது.

"யாருடா அது பக்கத்துல?" என்றாள் அம்மா.

அண்ணன் சிரித்துச் சிரித்து வேனையே சாலையோரத்துக்குக் கொண்டு போய்விட்டான்.

ஒன்று ஐந்துக்கு அவன் சிரிப்பு நின்றது. டாக்டர் போனில் கேட்டார்: வேன் எங்கே, மேலே எல்லோருக்கும் குளிரில் பல் தந்தியடிக்கிறது. அண்ணன், "இதோ," என்றான். என்னைப் பார்த்தான். நான் ஒரு வளைவை முடித்து அடுத்த நேர்ச்சாலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். காலுக்குள் நெருப்பெரிந்தது. எண்ணிக்கொண்டே வந்தேன். ஒரு நிமிடம், எட்டு மீட்டர். ஒரு நிமிடம், எட்டு மீட்டர்.

"அண்ணா, நீ போ."

"உன்ன விட்டுட்டா?"

"அவங்களுக்குச் சட்டை வேணும். கம்பத்துக்கு அந்தப்பக்கம் போய் நில்லு."

"நீ வரலன்னா அஞ்சு மணி வரைக்கும் இந்த மலைல தனியா உக்காந்திருப்ப. கம்பளி கூட இல்லாம."

"உக்காந்திருப்பேன்."

"அம்மா என்னக் கொன்னுருவா."

"கதவச் சாத்திட்டுப் போண்ணா. அது தொறந்திருந்தா என்னால மிதிக்க முடியல."

அதுதான் உண்மை. மூன்று வருடமாக என்னை மலை தோற்கடிக்கவில்லை. பக்கத்தில் ஒரு காலி இருக்கை என் வேகத்துக்கே வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் அதை வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருந்தது. மிதிப்பதைவிட அதற்கே அதிகம் செலவானது.

அண்ணன் வேனை நிறுத்தி, இறங்கி வந்து, கதவை இழுத்துச் சாத்தினான். அந்தக் கதவு மூடும் சத்தத்தை இந்தச் சாலையில் வெளியிலிருந்து முதல்முறையாகக் கேட்டேன். போகும்போது ஹாரனை ஒரு முறை அடித்தான். பிறகு எஞ்சின் சத்தம் வளைவுக்கு வளைவு தேய்ந்து, இல்லாமல் போனது.

மலையில் நான் மட்டும். செயின் ஓடும் சத்தம், என் மூச்சு, எங்கோ பாறைக்குள்ளிருந்து கசியும் தண்ணீர்.

பயமாக இருந்தது. ஆனால் பயம் கேட்கும் கேள்விகளுக்கு என்னிடம் எண்கள் இருந்தன. ஒன்று பதினாறு. என் கணக்குப்படி இன்னும் எண்பது மீட்டர். அதோ மேலே பலகை தெரிய வேண்டும். தெரிந்தது. நீலப் பலகை, தீப்பெட்டி அளவில்.

பிறகு கடைசி வளைவைத் திரும்பினேன். காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது.

காற்றை நான் கணக்கில் சேர்க்கவில்லை. மழையை விரட்டிய அதே காற்று, கணவாயின் வாய் வழியாக நேரே என்மீது இறங்கியது. ஒளிந்துகொள்ள யார் முதுகும் இல்லை. எட்டு மீட்டர் ஐந்தானது. கடைசி கியரும் தீர்ந்தது. எழுந்து நின்று மிதித்தேன். ஹெல்மெட்டின் வார் கன்னத்தில் படபடவென்று அடித்தது. தலையைக் குனிந்து முன் சக்கரத்துக்கு இரண்டடி முன்னால் இருந்த தாரை மட்டும் பார்த்தேன். இரண்டு வருடம் மிச்சம் பிடித்தது எல்லாம் இதற்குத்தான் என்றால் சரி, எடுத்துக்கொள். எல்லாவற்றையும் எடுத்துக்கொள். யாரிடம் சொன்னேன் என்று தெரியவில்லை. சத்தமாகவே சொன்னேன்.

ஆரஞ்சுச் சட்டை போட்ட அம்மாள் ஒருத்தி தடுப்புக் கம்பத்தின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கம்பம் இன்னும் வானத்தைப் பார்த்துத்தான் இருந்தது.

"நேரம் ஆச்சா?" எனக்கே கேட்காத குரலில் கேட்டேன்.

மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். "ஒன்னு இருபத்தொம்போது. இந்த மலைல மணி நான் சொல்றதுதான். எதுக்கு இப்படி இரைக்கிற? உக்காரு."

"உக்காரமாட்டேன்."

கம்பத்துக்கு அப்பால் வேன் நின்றது. அதன் கதவு மூடியிருந்தது. அண்ணன் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு நின்றான். மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள் என்று பிறகு சொன்னான். பத்து நிமிடம் இருக்கச் சொல்லிக் கேட்டானாம். டாக்டர் காலி இருக்கையைப் பார்த்தாராம், கருவியைப் பார்த்தாராம். "வாய்ப்பே இல்ல தம்பி," என்றாராம்.

"முத்திரை வேணும்," என்றேன் அந்த அம்மாளிடம்.

"அட்டைய எடு."

"அட்டை அவங்ககிட்ட இருக்கு." ஜிப்பைத் திறந்தேன். "இதுதான் என்கிட்ட இருக்கு."

உள்ளங்கையில் கிடந்த துண்டை உற்றுப் பார்த்தாள். "இதுல ஈ உக்காரவே இடம் இல்லையேம்மா."

"பரவாயில்ல. போடுங்க."

தகரப் பெட்டியிலிருந்து முத்திரையை எடுத்து, மையில் ஒற்றி, என் கையின்மேலேயே வைத்து அழுத்தினாள். முத்திரையில் பாதி துண்டில் விழுந்தது, மீதிப் பாதி என் உள்ளங்கையில். பிறகு காதில் செருகியிருந்த பேனாவை எடுத்து, துண்டின் பின்புறம் 1.29 என்று எழுதிக் கிறுக்கிக் கையெழுத்துப் போட்டாள். வாக்கிடாக்கியில், "கடைசி ஆள் இறங்குது. அது போனதும் ஆரம்பிங்க," என்றாள்.

நான் தாண்டியதும் பின்னால் கம்பம் இறங்கியது.

மூன்றாவது கணவாய் சின்னது. சின்னது என்று அதுவரை கேள்விப்பட்டிருந்தேன், சைக்கிளில் பார்த்ததில்லை. வேன் எனக்கு முன்னால் போனது, பக்கத்தில் இல்லை. ஒரு இடத்தில் இறங்கி நின்று, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். வாயைக் கழுவிவிட்டு மறுபடி மிதித்தேன். அண்ணன் அதைப் பார்த்தான். டீ என்ற சொல்லைக்கூட அவன் எடுக்கவில்லை.

ஆறு இருபதுக்குக் கடை வாசல்.

பின்னறையில் எட்டு பேரும் ஈரத்துணியோடு உட்கார்ந்திருந்தார்கள். மாற்றுத்துணி மூட்டை வேனில் இருந்தது. முதலில் அண்ணன் மூட்டையோடு உள்ளே போனான், "வந்தியாப்பா, ஜென்மம் விடிஞ்சுது," என்று ஒட்டகம் சொல்வது கேட்டது. அவனுக்குப் பின்னால் நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நுழைந்தேன். ஹெல்மெட்டோடு, முழங்கால் வரை சேறோடு.

"கம்பத்தத் தொறந்து விட்டாங்களா?" என்றார் டாக்டர்.

"மூடறதுக்கு முன்னாலயே தாண்டிட்டேன்."

மேசையில் என் அட்டை கிடந்தது. சுவரில் மாட்ட ஆணி தேடிக்கொண்டிருந்திருக்கிறார். அதன் பக்கத்தில் மூலையை வைத்தேன். கிழிந்த விளிம்பும் விளிம்பும் பொருந்தின. உள்ளங்கையையும் விரித்து வைத்தேன்.

நர்ஸ் அக்கா குனிந்து துண்டைத் திருப்பிப் படித்தார். "ஒன்னு இருபத்தொம்போது. அடியே!"

"இருபத்தாறுன்னு சொன்னேன். காத்த மறந்துட்டேன். மூணு நிமிஷம் என் தப்பு," என்றேன்.

டாக்டர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "இது கட்டத்துல விழல. அட்டையோ ஏற்கெனவே ரத்தாகிருச்சு. விதின்னு ஒண்ணு..."

"வேன்ல உக்காந்தாத்தான் மூலை போகணும். நான் உக்காரல. மேல வந்துருவேன்னு சொன்னதுக்கு அப்புறமும் அட்டைய எடுத்துட்டுப் போனது நீங்க."

என் காது கொதித்தது. வழக்கமாக இந்த இடத்தில் நான் தரையைப் பார்ப்பேன். அன்று அவருடைய சைக்கிளைப் பார்த்தேன். சுவரோரம் நின்றது. கருவியின் திரை இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"டாக்டர், அது இப்ப எவ்வளவு காட்டுது?"

அவர் திரும்பவில்லை. ஒட்டகம் எழுந்து போய்ப் படித்தார். "ஐந்நூத்தி முப்பத்திநாலு." நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார். "காலைல இதே எடத்துல அறுநூத்திப் பத்து போட்டீங்களே? கடை எழுபத்தாறு மீட்டர் கீழ போயிருச்சா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டாக்டர் மெல்ல எழுந்து, கருவியின் முன் நின்று, நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினார். வெகுநேரம் பார்த்தார். நான்கு வருடமாகக் கிழித்த மூலைகளை அவர் எண்ணுகிறார் என்று தோன்றியது. எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. ஆனால் அதற்காக வாயை மூடிக்கொள்ளத் தோன்றவில்லை.

"போன வருஷமும் இப்படித்தானா?" என்றார், திரும்பாமலேயே.

"போன வருஷம் அம்பது."

கடைக்காரரின் மேசையில் பஞ்சர் ஒட்டும் சாமான்கள் இருந்தன. ஒரு ஒட்டுத்துண்டை எடுத்தேன். அட்டையையும் மூலையையும் குப்புறச் சேர்த்து வைத்து, பசை தடவி, காயும்வரை ஊதி, ஒட்டை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினேன். ட்யூபுக்கு ஒட்டுவது மாதிரியேதான். இனி கிழித்தால் வேறு எங்கேயாவதுதான் கிழியும்.

ஆணியில் அதை நானே மாட்டினேன். போன வருடத்து அட்டையைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். யாரையும் கேட்கவில்லை, யாரும் தடுக்கவில்லை. முதல் வருடத்து அட்டை மூலையில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அதை அங்கேயே விட்டேன். அது சரியான கணக்கு.

"அடுத்த வருஷம் பன்னெண்டு நாப்பதுக்கு நான் கணக்குப் போடறேன்," என்றேன். "ஒவ்வொரு கல்லுலயும் மெஷினத் திருத்திட்டு."

"அடுத்த வருஷம் நீ கடைசியா வருவியா என்ன?" என்றார் ஒட்டகம்.

"யார் கடைசியா வந்தாலும்."

டாக்டர் கருவியை ஹேண்டில்பாரிலிருந்து கழற்றி, என் பக்கமாக மேசையில் நகர்த்தி வைத்தார்.

அண்ணனின் போன் அடித்தது. அவன் வாசலுக்குப் போனான். அம்மா கேட்டது எனக்குக் கேட்கவில்லை. அவன் சொன்னது மட்டும் கேட்டது.

"இல்லம்மா. வேன் காலியாத்தான் வந்துச்சு."